வடிவப் பிழையும் வாய்மையும்

உண்மை பேசுதல் நாவின் தொழில் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். கையும் பொய் பேசும் என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. எடைக்கல்லைக் குறைத்து வைக்கும் வணிகன் வாயைத் திறவாமலே பொய் சொல்லிவிடுகிறான். கலப்பு நெய்யைத் தூய நெய்க் குடத்தில் ஊற்றி வைப்பவனும் அவ்வாறே. அதனால்தான் நம் ஆசாரியர்கள் கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் கொள்ளுதலையும், ஒன்றைப் போன்ற போலியை அதுவே என்று வழங்குதலையும் அடுத்தடுத்து வைத்தார்கள். பின்னதற்குப் 'பிரதிரூபக வியவகாரம்' என்று பெயர். அளவும் சாயலும் அறத்தின் எல்லைக்குள் அடங்குவன என்பது இதனால் விளங்கும்.

இக்கருத்தை இக்கால இளைஞர்களின் பொழுதுபோக்கு ஒன்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஜெட் போர் விமானங்களின் சிற்றுருவங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளால் ஒட்டிச் சேர்த்து, வண்ணம் தீட்டி வைக்கும் கலையே அது. பெருநகரங்களுக்கு மட்டும் உரியதாயிருந்த இப்பழக்கம், காரைக்குடியை அடுத்த கல்லல் போன்ற சிற்றூர்களிலும் தபாலில் பெட்டியை வரவழைத்துச் செய்யும் அளவிற்கு இன்று எளிதாகிவிட்டது. இதனைக் காணும் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு வினாக்களை எழுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் பிழையைத் திருத்துவதற்காகப் பிள்ளை பத்து நாள் உப்புத்தாளைத் தேய்த்துக் கொண்டிருக்கிறானே, இது வீண் வேலை அன்றோ என்பது முதல் வினா. கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட இல்லத்தில் கொல்லும் கருவியின் உருவம் எதற்கு என்பது இரண்டாவது. இரண்டும் நேர்மையான வினாக்கள். இரண்டிற்கும் நம் தர்மத்தின் துணைகொண்டே விடை காண இயலும்.

வேலையின் தன்மை

முதலில் அவ்வேலை எத்தகையது என்று அறிதல் நன்று. இவ்வுருவங்கள் ஒரு குறித்த விகிதத்தில் அமைவன. 72இல் ஒரு பங்கு, 48இல் ஒரு பங்கு, 32இல் ஒரு பங்கு ஆகியவை பெருவழக்கு. நம் நாட்டு விமானப்படையில் 1963ஆம் ஆண்டு சேர்ந்து, 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கைகளின் முழு அகலம் சுமார் 7.15 மீட்டர். 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது ஏறத்தாழ 99 மில்லிமீட்டர் ஆகும். இவ்விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறு நேர்ந்தால், உண்மை விமானத்தில் அது 7 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட தவறு. அதாவது ஏறக்குறைய நான்கு விரற்கடை. நம் வீட்டு நிலைக்கதவு நான்கு விரற்கடை கோணியிருந்தால் தச்சனை அழைக்காமல் இருப்போமா?

பெட்டியில் வரும் துண்டுகள் எல்லாம் சரியான வடிவில் இருக்கும் என்று கொள்வதற்கில்லை. வார்ப்பு அச்சைச் செய்தவர் தவறான வரைபடத்தைப் பின்பற்றியிருக்கலாம். அச்சிலிருந்து எளிதில் பிரிந்து வரவேண்டும் என்பதற்காக இறக்கையின் ஓரங்களைத் தடிப்பாக விட்டிருக்கலாம். மூக்கிலுள்ள காற்று நுழைவாய் வட்டமாக இராமல் சற்றே நீண்டிருத்தல், விமானி அமரும் அறையின் கண்ணாடிக் கூண்டு உயர்ந்திருத்தல், வால் துடுப்பின் சரிவு மாறியிருத்தல், சற்றே கீழ்நோக்கிச் சாயவேண்டிய இறக்கைகள் மட்டமாக நிற்றல் ஆகியன அடிக்கடி காணப்படும் குறைகள்.

இவற்றைத் திருத்தும் முறையும் பொறுமையைக் கோருவது. வெர்னியர் அளவியால் ஒவ்வொரு துண்டையும் அளந்து, விகிதப்படி பெருக்கி, மெய்யான அளவோடு ஒப்பிட வேண்டும். குறுக்கு வெட்டுத் தோற்றத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை உருவத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். எங்கே வெளிச்சம் புகுகிறதோ அங்கே குறை. எங்கே அட்டை உட்காராமல் நிற்கிறதோ அங்கே மிகை. குறையுள்ள இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஒட்டியோ பட்டி பூசியோ நிரப்புவர். மிகையை அரத்தாலும் உப்புத்தாளாலும் குறைப்பர். பின்பு மீண்டும் அட்டையை வைத்துப் பார்ப்பர். செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்களைக் கடைந்து நிறுத்திய தச்சரும் நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, இழைத்து, மறுபடியும் மட்டம் வைத்துப் பார்த்தவர்களே. பொருள் வேறு; முறை ஒன்றே.

சாயல் தரும் கடமை

இனி முதல் வினாவிற்கு வருவோம். யாரும் காணாத பிழையை ஏன் திருத்த வேண்டும்?

ஒரு பொருளைச் சொல்லால் வழங்கும் முறைகளை நம் ஆகமங்கள் நிக்ஷேபம் என்று கூறி நான்காக வகுக்கின்றன. நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்பன அவை. இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக நிறுத்திக் கொள்வது ஸ்தாபனை. அதுவும் இருவகைப்படும். சதுரங்கப் பலகையில் ஒரு மரக்கட்டையை யானை என்றும் மற்றொன்றைக் குதிரை என்றும் கொள்கிறோம். கட்டைக்கும் யானைக்கும் வடிவ ஒப்புமை வேண்டுவதில்லை. இது அததாகார ஸ்தாபனை. ஜினபிம்பத்தில் அருகதேவரின் அமைதி தவழும் திருவுருவை அங்க அளவு பிசகாமல் அமைக்கிறோம். இது ததாகார ஸ்தாபனை, அதாவது உருவ ஒப்புமையோடு கூடியது.

இப்பகுப்பு நம் வினாவிற்கு நேரான விடையைத் தருகிறது. மூன்று வயதுக் குழந்தை ஒரு குச்சியைக் கையில் பிடித்து 'இதுதான் விமானம்' என்று ஓடினால் அதில் பொய் ஏதுமில்லை. அது சதுரங்கக் கட்டையைப் போன்றது. ஆனால் ஒருவன் 'இது 72இல் ஒரு பங்கு அளவில் அமைந்த மிக்-21' என்று பெயர்ப்பலகை எழுதி வைக்கும்போது, அளவைப் பற்றி ஓர் உறுதிமொழி தந்துவிடுகிறான். உறுதிமொழி தந்தபின் நான்கு விரற்கடைப் பிழையை அறிந்தும் மறைப்பது, குறைந்த எடைக்கல்லை வைப்பதன் இளைய உடன்பிறப்பே. கடமை பொருளினின்று எழவில்லை. நாம் அதைக் குறித்துச் சொல்லும் சொல்லினின்று எழுகிறது. பிழை சிறிதாகலாம், காண்பவர் இல்லாமலும் போகலாம். அறிந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன்தான் செய்தவன்.

இதனால், பிழையோடு கூடிய உருவம் எல்லாம் பாவம் என்று கொள்ளலாகாது. திருத்த இயலாதவன், நேரமில்லாதவன், அறியாதவன் ஆகியோர் பெட்டியில் வந்தபடியே ஒட்டி வைத்து மகிழ்ந்தால் அதில் குற்றமில்லை. 'இறக்கை சற்றுத் தடிப்பு, அப்படியே விட்டேன்' என்று கேட்பவரிடம் சொல்லிவிட்டால் வாய்மை நிறைவேறிவிட்டது. பழைய நிலைக்கதவைப் போல் புதிதாகச் செய்த கதவைப் 'புதியது' என்று சொல்லி விற்கும் தச்சன் நேர்மையாளன். அதே கதவைப் புகையிட்டுக் கறுக்கச் செய்து 'நூறாண்டுப் பழமை' என்று விற்பவனே பிரதிரூபக வியவகாரம் செய்தவன். கதவு ஒன்றுதான், சொல் வேறுபட்டது.

ஒரு பக்கம் பார்த்து உரைத்தல்

திருத்த முற்படுபவன் விரைவில் மற்றொரு பாடத்தைக் கற்கிறான். எதனோடு ஒப்பிட்டுத் திருத்துவது என்னும் கேள்வி எழும்போது, அவனுக்கு முதலில் கிடைப்பது ஒரு வரைபடம். வரைபடத்தை வரைந்தவரும் பிழை செய்யக்கூடியவரே. பக்கத் தோற்றத்தில் உள்ள நீளமும் மேல் தோற்றத்தில் உள்ள நீளமும் ஒரே தாளிலேயே மாறுபடுவது உண்டு. அடுத்துப் புகைப்படத்தை நாடுகிறான். அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்குப் பருத்தும் வால் சிறுத்தும் தோன்றும். தொலைவிலிருந்து எடுத்ததில் நீளம் சுருங்கித் தோன்றும். படம் பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்தினின்று கண்டதைச் சொல்கிறது. நாம்தான் அதனை எல்லா இடத்தினின்றும் கண்டதாக மயங்குகிறோம்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. மிக்-21 என்பது ஒரே வடிவம் அன்று. நம் நாட்டில் நாசிக் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டவற்றுள் எப்.எல். வகைக்கு விமானி அறையின் பின்னுள்ள முதுகு ஒல்லியானது. பிற்காலத்துப் பிஸ் வகைக்கு அது தடித்தது. ஒல்லியான முதுகைக் கண்டு 'இது பிழை' என்று ஒருவர் சொல்வார். 'இதுவே சரி' என்று மற்றொருவர் வாதிடுவார். ஒருவர் மனத்தில் ஒரு வகையும் மற்றவர் மனத்தில் வேறு வகையும் இருப்பதை இருவரும் அறிவதில்லை. எந்த வகை, எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவின் விமானம் என்று வரையறுத்த பின்னரே 'சரி', 'பிழை' என்னும் சொற்களுக்குப் பொருள் உண்டாகிறது.

யானையைத் தடவிய குருடர் கதையை நாம் பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை சொல்லியிருப்போம். அநேகாந்தத்தை அவர்கள் கதையாகக் கேட்டு மறந்துவிடுகிறார்கள். மேல் தோற்றம், பக்கத் தோற்றம், முன் தோற்றம், குறுக்கு வெட்டு ஆகிய நான்கையும் மேசையில் பரப்பி, அவற்றுள் எதுவும் தனித்து முழு உருவைத் தராது என்பதையும், எதனையும் தள்ளிவிட்டு உருவை அடைய முடியாது என்பதையும் கைப்பழக்கத்தால் கற்கும் பிள்ளைக்கு, நயவாதம் ஏட்டுச் சுரைக்காயாக இராது. 'ஒரு நோக்கில் இது இவ்வாறு' என்று அளவோடு பேசும் பழக்கம் அவன் நாவிலும் படியத் தொடங்கும்.

பெங்களூருவில் பறந்த மர விமானம்

வடிவத்தைப் பற்றிய இக்கவலை பொழுதுபோக்காளரின் பித்து என்று எண்ணுவோர், நம் நாட்டின் முதல் ஜெட் போர் விமானம் உருவான வரலாற்றை நினைத்தல் வேண்டும். 'மாருத்' என்று பெயர் பெற்ற எச்.எப்.-24 விமானத்தைப் பெங்களூருவிலுள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், 1956இல் இந்தியா வந்த ஜெர்மானிய வல்லுநர் குர்த் டாங்க் தலைமையில் வடிவமைத்தனர். உலோகத்தில் கைவைக்கும் முன்னர், அதே அளவில், அதே வடிவில், எந்திரம் இல்லாத மர விமானம் ஒன்றைச் செய்தனர். 1959ஆம் ஆண்டு தொடங்கி அதனை டக்கோட்டா விமானம் ஒன்று கயிற்றால் இழுத்துச் சென்று உயரத்தில் விடுவிக்க, அது மிதந்து இறங்கிற்று. இவ்வாறு எழுபதுக்கும் மேற்பட்ட முறை அதனைப் பறக்கவிட்டு, வடிவத்தின் குணங்குற்றங்களை அறிந்தனர். அதன் பின்னரே 1961 ஜூன் 17ஆம் நாள் உண்மை விமானத்தைச் சுரஞ்சன் தாஸ் என்னும் சோதனை விமானி வானில் ஏற்றினார்.

இங்கே மாதிரி என்பது மெய்ப்பொருளுக்கு முந்தியது. மாதிரியில் பிழை இருந்தால் மெய்ப்பொருளில் உயிர் போகும். காற்றுச் சுரங்கம் எனப்படும் ஆய்வுக் கூடங்களிலும் இதே நிலைதான். அங்கே சிற்றுருவத்தை நிறுத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சி, விசைகளை அளக்கிறார்கள். பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் 1.2 மீட்டர் அளவுள்ள அத்தகைய சுரங்கம் 1967ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. சிற்றுருவம் வடிவம் பிசகினால், காற்று பிசகாத விடையைத் தரும். அவ்விடை வேறொரு விமானத்திற்கு உரிய விடையாக இருக்கும்.

வடிவத்தைத் திருத்தியதால் வெற்றி கண்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவில் கான்வேர் நிறுவனம் செய்த எப்-102 விமானம் 1953இல் பறந்தபோது ஒலியின் வேகத்தை மட்டப் பறப்பில் கடக்க இயலாமல் நின்றுவிட்டது. ரிச்சர்ட் விட்கோம்ப் என்னும் அறிஞர், இறக்கை சேரும் இடத்தில் உடற்பகுதியை இடைபோல் ஒடுக்கினால் காற்றின் தடை குறையும் என்று கண்டிருந்தார். அவ்வாறே திருத்திய விமானம் 1954 டிசம்பரில் ஒலியை முந்திற்று. நம் மாருத்தின் உடலிலும் அவ்விடை ஒடுக்கம் உண்டு. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அவ்வளைவு அழகுக்காக ஏற்பட்டது அன்று.

ஆயினும் வடிவம் ஒன்றே எல்லாம் என்றும் கொள்ளலாகாது. மாருத்தின் வடிவிற்கு ஏற்ற வலிமையான எந்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. எண்ணிய வேகத்தை எட்டாமலே அது 1990இல் ஓய்வு பெற்றது. முதலில் அதனைப் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ், அதன் வலுவேற்றப்பட்ட வகை ஒன்றைச் சோதிக்கும்போது 1970 ஜனவரி 10ஆம் நாள் உயிரிழந்தார். மாருத்தின் சிற்றுருவைத் தேய்த்துக் கொண்டிருக்கும் இளைஞன் இவ்விரண்டையும் அறிந்திருப்பானாயின், தன் கையிலுள்ளது விளையாட்டுப் பொருள் மட்டும் அன்று என்பதை உணர்வான்.

உண்மை இருபுறமும் பணி செய்யும்

இனி இரண்டாவது வினா. அதற்குச் செல்லும் வழியில் ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் காண்போம். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான ஓடுதளம் ஒன்று அமைந்ததை இப்பகுதி மக்கள் அறிவர். எங்கோ நடந்த போரின் நிழல் நம் செம்மண் பொட்டல் வரை நீண்டது. அதே போரில், 1942ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஐந்து லட்சம் சிற்றுரு விமானங்களை மரத்தில் செதுக்கித் தருமாறு கேட்டது. அனைத்தும் 72இல் ஒரு பங்கு. அனைத்திற்கும் கறுப்பு வண்ணம். 35 அடி தொலைவில் அவ்வுருவை நிறுத்திப் பார்த்தால், அரை மைலுக்கு அப்பால் உண்மை விமானம் தோன்றுவது போல் தோன்றும். இதனைக் கொண்டு வீரர்கள் நம்மவர் விமானம் எது, பகைவர் விமானம் எது என்று நொடியில் அறியப் பழகினர்.

அங்கே ஒரு மாணவன் செதுக்கிய இறக்கை கோணலாக இருந்தால் என்ன நேரும்? அதனைப் பார்த்துப் பழகிய வீரன் தன் தோழனையே சுட்டுவிடக்கூடும். ஆகவே சரியான வடிவம் ஓர் உயிரைக் காத்தது. அதே சரியான வடிவம் மற்றோர் உயிரைத் தவறாமல் குறிவைக்கவும் துணை செய்தது. உண்மை இருபுறமும் பணி செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. ஆகவே 'என் உருவம் துல்லியமானது' என்பதால் மட்டும் ஒருவன் அறவோன் ஆகிவிட மாட்டான். நல்ஞானம் மும்மணிகளுள் ஒன்றுதான். நற்காட்சி முன்னும் நல்லொழுக்கம் பின்னும் இல்லாத வழி, ஞானம் கூரிய கத்தியாகவே நிற்கும்.

மாக்கோழியின் பாடம்

உருவத்தில் இம்சை உண்டா என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. யசோதர காவியம் முழுவதும் அக்கேள்வியின் மேல்தான் எழுந்து நிற்கிறது. உயிர்ப்பலி கொடுக்க மனமில்லாத யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழி ஒன்றைத் தேவிக்குப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, உயிர் துடிக்கவில்லை. ஆயினும் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து வருந்தினர். மாவில் உயிர் இல்லை. ஆனால் வெட்டிய கையின் பின்னே 'கோழியை வெட்டுகிறேன்' என்னும் எண்ணம் இருந்தது. அவ்வெண்ணமே வினையை ஈர்த்தது.

இக்கதையைக் காட்டி, 'போர் விமான உருவமும் அத்தகையதே. அதை வீட்டில் வைக்கலாகாது' என்று சிலர் வாதிடக்கூடும். அவர்கள் கதையின் பாதியையே கண்டவர்கள். மாக்கோழியைச் செய்தவன் மேல் கதை பழி சுமத்தவில்லை. அதனைக் கொல்லும் எண்ணத்தோடு வெட்டியவன் மேல் சுமத்துகிறது. உருவம் அமைத்தல் வேறு, உருவத்தின் வழியே கொலையை மனத்தில் நிகழ்த்துதல் வேறு. விமானத்தின் வளைவை அறியும் ஆவலோடு அமர்ந்திருப்பவன் மனத்தில் சங்கல்ப இம்சை இல்லை. அதே உருவத்தைக் கையில் ஏந்தி, 'இதோ குண்டு விழுந்தது, ஊர் எரிந்தது, அத்தனை பேரும் செத்தார்கள்' என்று குதூகலிப்பவன் மனத்தில் மாக்கோழி வெட்டுண்டு கிடக்கிறது.

நாட்டைக் காப்பவன் செய்யும் விரோதி இம்சையை இல்லறத்தார் முற்றும் துறக்க இயலாது என்று நம் நூல்கள் அறிந்தே விட்டு வைத்தன. துறக்க இயலாதது வேறு; கொண்டாடத் தக்கது வேறு. கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு பணிபுரியும் வீரர்களை நாம் மதிக்கிறோம். அவர்களுக்கு அவ்விமானத்தைப் போரில் செலுத்தும் தேவை ஒருநாளும் நேராதிருக்க வேண்டும் என்று விரும்புவதும் அம்மதிப்பின் பகுதியே.

இவ்வாறு உருவத்தில் இம்சையைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், மேசையின் மேலேயே மெய்யான இம்சை ஒன்று கிடக்கலாம். நுண்ணிய வண்ண வேலைக்குச் சிறந்தவை என்று விற்கப்படும் தூரிகைகளுள் பல, 'சேபிள்' போன்ற விலங்குகளின் மயிரால் ஆனவை. நம் நாட்டில் கீரிகளைக் கொன்று அவற்றின் மயிரால் தூரிகை செய்யும் கள்ள வாணிகம் நடந்து வந்திருக்கிறது. கீரி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படும் உயிர். விமானத்தின் உருவம் எவரையும் கொன்றதில்லை. அதற்கு வண்ணம் தீட்டிய தூரிகை ஓர் உயிரைக் கொன்று வந்திருக்கக்கூடும். செயற்கை இழைத் தூரிகைகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஒரு சமண இல்லத்தில் முதலில் சோதிக்க வேண்டிய பிழை இதுதான். வடிவத்தைத் திருத்துமுன் தூரிகையைத் திருத்துக.

திருத்தத்தின் எல்லை

பிழை திருத்துதல் நற்பழக்கமே ஆயினும், அதற்குள்ளும் கஷாயங்கள் நுழைய வழி உண்டு. முதலாவது மானம் என்னும் செருக்கு. தன் உருவத்தின் பிழையைத் தேடத் தொடங்கியவன் சில நாளில் பிறர் உருவத்தின் பிழையைத் தேடுவதில் சுவை காண்கிறான். கண்காட்சியில் ஒரு சிறுவன் ஆவலோடு வைத்த விமானத்தைப் பார்த்ததும், 'மூக்கு ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை' என்று உரக்கச் சொல்லுகிறான். சொன்னது உண்மைதான். ஆனால் பிறர் நெஞ்சைப் புண்படுத்தும் உண்மையைச் சத்திய விரதம் ஏற்பதில்லை. கேட்டால் சொல்லலாம், தனியே சொல்லலாம், திருத்தும் வழியையும் கூடவே சொல்லலாம். இம்மூன்றும் இல்லாத உண்மை, உண்மையின் உடையணிந்த குரோதமே.

இரண்டாவது லோபம். சரியான மூக்கு ஒரு பெட்டியில், சரியான இறக்கை மற்றொரு பெட்டியில் என்று, ஓர் உருவத்திற்காக மூன்று பெட்டிகளை வாங்குவோர் உண்டு. கட்டாத பெட்டிகள் அலமாரியில் ஏறிக்கொண்டே போகும். பொருளுக்கு எல்லை வகுத்துக் கொள்ளுதல் இல்லறத்தாரின் அணுவிரதம் என்பதைத் துல்லியம் என்னும் நல்ல பெயரால் மீறுதல் ஆகாது.

மூன்றாவது, முடிக்க இயலாமை. பிழையற்ற உருவம் என்று ஒன்று இல்லை. அளவி தரும் அளவிலும் ஒரு மயிரிழை ஐயம் உண்டு. வண்ணத்தின் தடிப்பே அளவைச் சற்று மாற்றிவிடும். ஒரே தொழிற்சாலையில் செய்த இரு விமானங்களும் முற்றும் ஒத்திருப்பதில்லை. முற்றறிவு கேவலிகளுக்கே உரியது. மற்றையோர் அறிவு எல்லைக்கு உட்பட்டது. எனவே 'என் கைக்கும் கண்ணுக்கும் எட்டியவரை இது சரி' என்று அறிந்து நிறுத்துதலும் வாய்மையின் ஒரு பகுதியே. நிறுத்தத் தெரியாதவன் விமானத்தைத் திருத்தவில்லை; தன் பற்றையே தேய்த்துக் கூர்மையாக்குகிறான்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இவ்விளையாட்டை நம் இல்லங்களில் தடுக்க வேண்டியதில்லை என்பதும், கண்ணை மூடிக்கொண்டு விடவும் கூடாது என்பதும் புலப்படும். பிள்ளை ஓர் உருவத்தைச் செய்யத் தொடங்கும்போது, அவ்விமானத்தின் வரலாற்றையும் அவனே எழுதட்டும். எந்த ஆண்டில் பறந்தது, எப்போரில் ஈடுபட்டது, அதில் பறந்து மாண்டவர் யார், அதனால் மாண்டவர் யார் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி உருவத்தின் அடியில் வைக்கட்டும். மாருத் 1971ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தான் எல்லையில் பணியாற்றியது. அதன் இடை ஒடுக்கத்தைத் துல்லியமாக அமைத்துவிட்டு, அது எதற்காக ஏவப்பட்டது என்பதை மறைத்து வைத்தால், வடிவத்தில் உண்மையும் பொருளில் பொய்யும் ஆகிவிடும். அதுவும் ஒரு வடிவப் பிழையே. அளவியால் அளக்க முடியாத பிழை.

தேய்க்கும்போது நீரில் நனைத்த உப்புத்தாளைப் பயன்படுத்தினால் தூள் பறந்து மூச்சில் ஏறாது. பசையும் வண்ணமும் மணம் மிக்கவையாதலால் சன்னல் திறந்த இடமே தக்கது. உடலைப் பேணுதலும் உயிரோம்பலில் அடங்கும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இவ்வேலையில் ஓர் அரிய பயிற்சி உண்டு. பிழையைக் கண்டவுடன் சினம் கொள்ளாமல், வெட்கமும் கொள்ளாமல், 'இவ்வளவு குறை, இவ்வளவு மிகை' என்று அளந்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் குறைத்து, மறுபடியும் அளந்து பார்க்கும் பயிற்சி அது. நாள்தோறும் மாலையில் நாம் செய்யும் பிரதிக்கிரமணமும் அதுவே அன்றோ? அன்று மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் நேர்ந்த பிழைகளை எண்ணி அளந்து, வருந்தி, மீண்டும் நேராமல் காத்துக்கொள்ள உறுதி கொள்கிறோம். பிளாஸ்டிக் துண்டில் ஒரு மில்லிமீட்டரைப் பொறுக்காத கண், தன் சொல்லில் ஒரு மில்லிமீட்டரைப் பொறுக்குமாயின், கற்றது வீண். கைக்குப் பழகிய நேர்மை நாவிற்கும் நெஞ்சிற்கும் ஏறுமாயின், உப்புத்தாளோடு கழிந்த அப்பத்து நாளும் தவமாகவே எண்ணப்படும்.

அறம் வளர்க! அருள்நெறி ஓங்குக!